தண்ணீர்த் தொட்டிமேல் லோமே புறா

முனியன் என் நாத்தனார் கன்னியம்மாவின் புருஷன். அவர் அப்பாவும் என் மாமனாரும் பூந்தமல்லிப் பக்கம் ஒன்றாகக் கூலிக்கு உழுதவர்கள். முனியன் கொத்து வேலைக்குப் போய், தரைக்குக் கல் பதிப்பதில் கெட்டிக்காரர் ஆனார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காண்ட்ராக்டர் அவரை ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப்போனார். டோகோ நாட்டின் தலைநகரம், லோமே. அங்கே அமைதிக்காக ஒரு புறாச் சிலை வைத்திருக்கிறார்கள். அதன் காலடியில் பெயர்ந்துபோன கல்லையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகப் பதித்தது முனியனின் கை. திரும்பி வந்து சொன்னார். சொந்தக்காரர்கள் சரி சரி என்று சாம்பாரை ஊற்றிக்கொண்டார்கள். துபாய் என்றால் எல்லோருக்கும் தெரியும்; லோமேவை யார் கண்டது?

அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. போன தையில் நூம்பலில் வீடு கட்டியபோது, மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் கம்பி வளைத்து, வலை சுற்றி, சிமெண்ட் பூசி, ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் புறாவை நிறுத்திவிட்டார்.

கிரகப்பிரவேசத்தன்று கன்னியம்மாவின் தம்பி, என் கொழுந்தன் சண்முகசுந்தரம் அண்ணாந்து பார்த்து, "இன்னா மாமே, கோழிக்கடை தொறக்கப் போறியா?" என்றான். பந்தியே சிரித்தது. கன்னியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இடிக்காவிட்டால் தானே ஏறி இடிப்பேன் என்று சம்மட்டியை இரவல் வாங்கி வந்துவிட்டாள். முனியன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை சம்மட்டியோடு அவள் படியேறப் போனபோது, கேட்டுக்கு வெளியே ஏழெட்டு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் பைபிள். எங்கள் பக்கம் மொட்டை மாடியில் ஜெபம் நடக்கும் வீடுகள் உண்டு. புறா அவர்களுக்குப் பரிசுத்த ஆவியின் அடையாளம்; அதைப் பார்த்து இதுவும் ஒரு ஜெபவீடு என்று வந்துவிட்டார்கள். ஸ்வீட்லின் என்ற அம்மாள், "ஆராதனை எத்தினி மணிக்கு, சிஸ்டர்?" என்று கேட்டாள்.

கன்னியம்மா சம்மட்டியைச் சுவரோரம் சாய்த்தாள்.

"ஜெபவீடு இல்லம்மா இது. ஆப்பிரிக்காவுல இந்த மாதிரி ஒண்ணு கீது. சண்டை வேணாம்னு வெச்ச செலை. அது காலாண்ட கல்லெல்லாம் எங்க ஊட்டுக்காரரு ஒட்டினது."

அவள் பின்னாலேயே வந்திருந்த முனியன் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் திரும்பிப் போகாமல், பக்கத்தில் பார்க்கலாமா என்று கேட்டார்கள். கன்னியம்மாவே முன்னால் ஏறினாள். மேலே ஸ்வீட்லின், புறாவைச் செய்த கைக்காக ஒரு ஜெபம் செய்யட்டுமா என்றாள். முனியன் சின்னப் பிள்ளை போல இரண்டு கையையும் நீட்டினார். அப்புறம் எல்லோருக்கும் காபி.

சாயங்காலமே சம்மட்டி, இரவல் கொடுத்தவர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. இப்போது யார் வந்தாலும் முதலில் மாடிக்குத்தான். போன வாரம் வந்த சண்முகசுந்தரத்துக்கும், புறாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிய பிறகுதான் கன்னியம்மா சோறு போட்டாள். கோழிக் குழம்பு.