இரண்டு பெட்டிகளில் ஒரு பரமேஸ்வரி

நான் எழுதிய ஒரு பக்கக் கையேடு, ஓர் ஆசிரியையின் நான்காண்டு உழைப்பை ஏறக்குறையக் கெடுத்துவிட்டது. ஆய்வு மாணவர்களுக்கான உசாத்துணை முகாமை மென்பொருளை எவ்வாறு தெரிவு செய்வது என்று இளைய நூலகர்கள் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். எந்த மென்பொருளில் என்னென்ன வசதிகள் உண்டு என்பதை அவர்கள் இணையத்திலேயே அறிந்துகொள்ளலாம். நான் சொல்லத்தக்கது இந்தப் பிழையின் வரலாறு ஒன்றே.

1. பரீட்சார்த்தம்

வாவிக்கரையில் அமைந்த ஒரு பல்கலைக்கழகத்தில் நான் முதுநிலை உதவி நூலகராக இருந்தேன். பட்டப்பின்படிப்பு மாணவர் அனைவருக்கும் பொதுவாக ஒரு மென்பொருளைப் பரிந்துரைக்குமாறு பீடாதிபதி பணித்தார். படித்த நூல்களையும் கட்டுரைகளையும் ஒருமுறை பதிந்து வைத்தால், எழுதும்போது மேற்கோளை உரிய இடத்தில் இட்டு, இறுதியில் உசாத்துணைப் பட்டியலையும் தானே அமைத்துத் தரும் மென்பொருள் அது. மூன்று எங்கள் முன் வந்தன. ஒன்று விலைக்கு வாங்குவது. இன்னொன்று இலவசமானது. மூன்றாவது இணையத் தொடர்பு இருந்தால் மட்டுமே இயங்கியது. எங்கள் வளாகத்தில் மழை தொடங்கினால் இணையம் நின்றுவிடும் என்பதால் அதை முதல் நாளிலேயே ஒதுக்கினோம்.

விலைக்குரிய மென்பொருளின் முகவர் கொழும்பிலிருந்து வந்து திரையில் விளக்கம் தந்தார். நேர்த்தியான விளக்கம். ஆசிரியர் பெயரை இடுவதற்கு இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று குடும்பப் பெயருக்கு, மற்றது முதற்பெயருக்கு. "எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லையே" என்று நான் கேட்டேன்.

"அது ஒரு பிரச்சினையே இல்ல சேர். பெயர்ல கடைசியா வர்ற சொல்ல குடும்பப் பெயர்ப் பெட்டியில போடுங்க, மிச்சத்த சிஸ்டம் பார்த்துக்கொள்ளும்."

அதை நான் ஏற்றுக்கொண்டேன். முப்பது ஆண்டுகளாகத் தமிழ்ப் பெயர்களைப் பகுப்பாக்கம் செய்தவன் நான். தமிழருடைய பெயரை அவரவர் சொந்தப் பெயரின் கீழ்ப் பதிந்து, தந்தையின் முதலெழுத்தைப் பின்னால் இட வேண்டும் என்பதை அட்டைப் பட்டியற் காலத்திலேயே கற்றவன். எனினும் கணினிக்கென்று வேறு விதி இருக்கும் போலும் என்று எண்ணிவிட்டேன். பரீட்சார்த்தமாகப் பாவிப்போருக்காக ஒரு பக்கக் கையேடு எழுதினேன். அதன் நான்காம் படி: "பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் இடுக."

2. மதிவதனி

அந்தக் கையேட்டை முதலில் பெற்றுச் சென்றவர் மதிவதனி. செட்டிபாளையத்தைச் சேர்ந்தவர், பாடசாலை ஆசிரியை, வாவியின் இறால் வளம் குறித்துக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஏறத்தாழ முந்நூறு கட்டுரைகளின் விவரங்களை ஒரு கொப்பியில் கையால் எழுதி வைத்திருந்தார். அவற்றை எல்லாம் கையேட்டின்படி மென்பொருளில் ஏற்றினார்.

அதன் பின் ஓராண்டு கழிந்தது. எங்கள் குழு கூடவில்லை. பல்கலைக்கழகக் குழுக்களின் இயல்பு அறிந்தவர்கள் இதற்குக் காரணம் கேட்க மாட்டார்கள். மதிவதனி பாடசாலைக்குத் திரும்பிப் படிப்பித்துவிட்டு, மீண்டும் கற்கை விடுமுறை பெற்று வந்து ஆய்வேட்டை எழுதி முடித்தார். விடுமுறை மாத இறுதியில் முடிவடையவிருந்தது. ஏற்கெனவே ஒருமுறை நீடிக்கப்பட்ட பதிவுக்காலமும் அன்றோடு முடிவடையவிருந்தது. மறுமுறை நீடிக்க விதியில்லை. அதற்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு இரத்தாகும்.

சமர்ப்பிப்பதற்குப் பதினொரு நாட்கள் இருக்கையில் எங்கள் குழு விழித்துக்கொண்டது. இறுதிப் பரிந்துரை வேண்டும் என்று பீடாதிபதி கேட்டார். ஒரே பட்டியலை இரு மென்பொருள்களிலும் இட்டு ஒப்பிட விரும்பினேன். மதிவதனி தம் பட்டியலை மகிழ்ச்சியோடு தந்தார்.

3. மாமனும் மருமகனும்

நூலகத்தின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ரொனால்ட் ரொசைரோ. மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர், போர்த்துக்கேய வழிவந்தவர். பட்டியலைத் திரையில் ஓடவிட்டபடி சிரித்தார்.

"சேர், இந்த உலகத்திலேயே இந்தச் சாமான எனக்காக மட்டுந்தான் செஞ்சிருக்கானுகள். ரொசைரோ குடும்பப் பெயர், ரொனால்ட் முதற்பெயர். ரெண்டு பெட்டி, ரெண்டு பேர், சரி. உங்கட ஆக்கள் எல்லாம் பெட்டி இல்லாம நிக்காங்க."

"நான் கட்டுரை எழுதினா எங்க நிப்பன்?"

"உங்களோட அப்பாவ இருத்திட்டு நீங்க கதவுக்கு வெளியில நிப்பீங்க."

சிரித்துக்கொண்டே பட்டியலில் கண்ணோட்டினேன். சின்னத்துரை, பீ. என்று ஓர் இறால் ஆய்வு. சில வரிகள் மேலே நடராஜா, பீ. என்று மற்றோர் இறால் ஆய்வு. இரண்டும் எங்கள் வாவியைப் பற்றியவை. என் சிரிப்பு நின்றது. இரு கட்டுரைகளின் தனிப்பிரதிகளும் எங்கள் நூலகத்திலேயே இருந்தன, பதிந்தவனும் நான்தான். பழைய அட்டைப் பெட்டியைத் திறந்தேன். "பரமேஸ்வரி, சி. பார்க்க: பரமேஸ்வரி, ந." என்று என் கையெழுத்திலேயே ஓர் அட்டை இருந்தது.

சின்னத்துரை, பரமேஸ்வரியின் தந்தை. நடராஜா, அவருடைய கணவர். மணமாகுமுன் ஒரு கட்டுரையையும் மணமான பின் ஒரு கட்டுரையையும் அவர் ஆங்கிலத்தில், தம் பெயர் முன்னும் அவர்கள் பெயர் பின்னுமாக இட்டு வெளியிட்டிருந்தார். என் நான்காம் படி அவரை இரு ஆண்களாக்கிவிட்டது.

பட்டியலைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. ஆனால் மதிவதனியின் மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு "சின்னத்துரை – நடராஜா விவாதம்" என்றிருந்தது. வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டித் திறந்துவிடும் காலம் இறால் வரவைப் பாதிப்பதில்லை என்பது சின்னத்துரையின் முடிவு. பாதிக்கும் என்பது நடராஜாவின் மறுப்பு. இருவரில் யார் சரி என்பதை நிறுவவே அவர் அறுபது பக்கங்கள் எழுதியிருந்தார். மூலக் கட்டுரைகளை முதலாண்டில் படித்தவர், அத்தியாயத்தை எழுதிய காலத்தில் மென்பொருள் தந்த பெயர்களையே நம்பியிருந்தார். மேற்பார்வையாளர் புவியியலாளர், இறால் ஆராய்ச்சியாளர்களின் பெயர்கள் அவருக்கும் புதியவை.

மதிவதனியை அழைத்து அட்டையைக் காட்டி, யார் யார் என்று விளக்கினேன்.

"அப்ப சேர், நான் அறுவது பக்கமா மாமனையும் மருமகனையும் அடிபட விட்டிருக்கனா?"

"ஓம். பிழை என்னுடையது. அந்த நாலாம் படியை நான்தான் எழுதினன்."

"பேர மட்டும் மாத்தினாப் போதாதா? ஒரு பொத்தான அமத்தினா எல்லா இடத்திலயும் மாறிருமே."

ரொசைரோ குறுக்கிட்டார். "மாறும் மிஸ். 'பரமேஸ்வரியின் கருத்தைப் பரமேஸ்வரி வன்மையாகக் கண்டிக்கிறார்' எண்டு வரும்."

மதிவதனிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. போதும் என்று சொல்லிவிட எனக்கு ஆசையாகவே இருந்தது. சொல்லியிருந்தால் என் பிழை அன்றே மறைந்திருக்கும்.

"அவ உசிரோட இருக்காவா சேர்?" என்று கேட்டார் மதிவதனி.

"குருக்கள்மடத்தில இருக்கா. கண்டிப் பக்கம் படிப்பிச்சிட்டு ஓய்வெடுத்து வந்திருக்கா."

"எங்கட பக்கத்து ஊர். இவ்வளவு நாளும் அவவ நான் கடதாசியிலதான் தேடிருக்கன். வாங்க சேர், போவம்."

4. குருக்கள்மடம்

கல்முனை பஸ்ஸில் இருவரும் போனோம். மதிவதனி ஆய்வேட்டின் அச்சுப்பிரதியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தவர் நடராஜா. ஓய்வுபெற்ற தபாலதிபர். வந்த காரியத்தைச் சொன்னதும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இஞ்ச வாங்க! என்னை இறால் நிபுணராக்கியிருக்காங்க. இறாலக் கண்டாலே எனக்கு உடம்பெல்லாம் சொறியும் புள்ள, அது உங்களுக்குத் தெரியுமா?"

"மன்னிச்சிருங்க ஐயா," என்றார் மதிவதனி.

"மாமாவ நான் மறுத்து எழுதினனா? அப்படி எழுதியிருந்தா நான் இந்த வீட்டுக்க வந்திரிக்க ஏலா."

பரமேஸ்வரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி வந்து, அத்தியாயத்தை வாங்கி அங்கேயே படிக்கத் தொடங்கினார். எங்களுக்குத் தேநீர் வந்து ஆறிப்போயிற்று. சில பக்கங்களில் சிரித்தார். ஓரிடத்தில் புருவத்தை நெரித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நான் ஏன் மாறினன் எண்டது இதில இல்லையே."

"நீங்க மாறினீங்க எண்டே எனக்குத் தெரியாது மெடம்."

"முதல் தரம் நான் கெம்பஸ் லீவுக்கு ஊருக்கு வந்த மாசங்கள்லதான் அளந்தன். அந்த மாசத்தில வெட்டினாலும் வெட்டாட்டியும் இறாலுக்கு ஒண்டும் இல்ல. கட்டுரை வந்திட்டு. மறுகா ஒருக்காப் பெரியகல்லாத்துக்குப் போனன். அங்க வல போடுற ஆக்கள் கேட்டுட்டுச் சிரிச்சாங்க. 'இறாலுக்கு உங்கட கெம்பஸ் லீவு தெரியாது மிஸ்' எண்டாங்க. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ரெண்டாம் தரம் வருசம் முழுக்க அளந்தன். என்ர முதல் முடிவு பிழையாப் போச்சு."

மதிவதனி நிமிர்ந்து உட்கார்ந்தார். "மெடம், நானும் பன்னிரண்டு மாசமும் அளந்திருக்கன். உங்கட ரெண்டு கட்டுரைக்கும் இடையில என்ன நடந்த எண்டு என்ர அட்டவணையில இருக்கு. எந்த ஆம்புள சரி எண்டு பாக்கிறதில நான் அதக் காணல்ல."

"அப்ப அத எழுதுங்க. இவள் பிழை விட்டாள், மறுகா திருத்தினாள் எண்டு துணிஞ்சு எழுதுங்க. எனக்கு ஒரு வெக்கமும் இல்ல."

விடைபெறும்போது நடராஜா வாசல்வரை வந்து என் காதோடு சொன்னார்: "விலாசம் பிழைச்சா கடிதம் இப்படித்தான் ஊர் சுத்தும் சேர். நாங்க முப்பது வருசம் அதத்தானே பாத்த."

எஞ்சிய நாட்களில் மதிவதனி நூலகத்தின் மேல்மாடியில், யன்னலோர மேசையில் இருந்து அத்தியாயத்தை மீண்டும் எழுதினார். ரொசைரோவும் நானும் முந்நூறு பெயர்களையும் ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒத்துப் பார்த்தோம். கணவர் பெயரால் அறியப்பட்ட பெண்கள், முதலெழுத்துகள் பல கொண்ட முஸ்லிம் ஆசிரியர்கள், நீண்ட குலப்பெயர் கொண்ட சிங்கள ஆசிரியர்கள் என்று என் நான்காம் படி பலரை இடம்மாற்றியிருந்தது. இலவச மென்பொருளில் இரு பெட்டிகளையும் ஒன்றாக்கி, பெயரை உரியவர் எழுதுகிறவாறே இடும் வசதி இருந்தது. முதல் நாளிலேயே நான் அதைத் தேடியிருக்க வேண்டும்.

5. குழுக்கூட்டம்

கூட்டத்தில் பீடாதிபதி முகவரின் மென்பொருளுக்கே சார்பாக இருந்தார். "வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எல்லாம் இதத்தான் பாவிக்குது சேர். நாங்க ஏன் இலவசத்துக்குப் போவான்?"

நான் வாதாடவில்லை. ஒவ்வொருவரும் தம் பெயரை இரு பெட்டிகளிலும் இடுமாறு மடிக்கணினியை மேசை சுற்றி அனுப்பினேன். முஸ்லிம் விரிவுரையாளர் ஒருவர், "எனக்கு முன்னால மூணு எழுத்து இரிக்கி. எதக் கொண்டு எந்தப் பெட்டிக்க வைக்கிற?" என்று கேட்டுக் கணினியை அடுத்தவரிடம் தள்ளினார். பீடாதிபதி தாம் ஆங்கிலத்தில் எழுதும் முறைப்படி, தம் பெயர் முன்னும் தந்தையின் பெயர் பின்னுமாக இட்டு, தம் கட்டுரைகளைத் தேடினார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"எல்லாம் அப்பாவிட பேரிலதான் கிடக்கு," என்றார். "அப்பா வயல்வட்டையில காவல் பாத்த மனிசன். நெல்லப் பத்திக் கேட்டா எழுதியிருப்பார். பொருளியல் அவருக்கு எப்படி வந்ததோ தெரியா."

அறை முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். பெயரை ஒற்றைப் பெட்டியில் இட இடந்தரும் மென்பொருளே எங்கள் தெரிவு என்று அன்றே முடிவாயிற்று. முகவருக்கும் காரணத்தை எழுதினோம். தம் நிறுவனத்துக்கு அறிவிப்பதாகப் பண்போடு பதில் வந்தது.

6. கையளிப்பு

மதிவதனி கடைசி நாளில் சமர்ப்பித்தார். மூன்றாம் அத்தியாயம் அறுபது பக்கங்களிலிருந்து முப்பத்தெட்டாகச் சுருங்கியிருந்தது. வாய்மொழிப் பரீட்சையில் புறப் பரீட்சகர் அந்த அத்தியாயத்தையே நெடுநேரம் விசாரித்தாராம். ஓர் ஆய்வாளர் தம் முடிவை மாற்றிக்கொண்டதற்கான காரணத்தை, அளந்த மாதங்களைக் கொண்டு இவ்வளவு தெளிவாக விளக்கியதை அவர் பாராட்டினாராம்.

பட்டம் உறுதியான பின், ஆய்வேட்டின் பிரதியை நூலகத்துக்குக் கையளிக்க வந்தார். அதைப் பதிவது என் வேலை. படிவத்தை அவர் முன் வைத்து, பேனாவை எடுத்தேன்.

"சேர், என்ர பேர எப்படிப் பதியப் போறீங்க?"

"நீங்க சொல்ற மாதிரி."

நாற்பத்துநான்கு வயது வரை இம்முடிவை யாரும் தம்மிடம் விட்டதில்லை என்பது போலச் சற்று யோசித்தார். "மதிவதனி எண்டு மட்டும் போடுங்க. அப்பாவும் அவரும் நன்றியுரையில இருக்காங்க. அது போதும்."

அவ்வாறே பதிந்தேன். கையேட்டின் நான்காம் படியையும் அன்றே மாற்றினேன். "பெயரை எவ்வாறு இடுவது என்பதை, இயலுமாயின், பெயருக்குரியவரிடமே கேட்டறிக" என்பது இப்போதுள்ள வாசகம். மென்பொருளைத் தெரிவு செய்ய முற்படும் இளையோருக்கு நான் சொல்வதும் இதுவே: உங்கள் ஊரவர் பத்துப் பேருடைய பெயர்களை முதலில் அதில் இட்டுப் பாருங்கள். அவர்களுள் எவரையேனும் அது தந்தையாகவோ கணவராகவோ மாற்றுமாயின், மற்ற வசதிகளைப் பார்க்கத் தேவையில்லை.