துணைக்கு ஒரு டிக்கெட்

இரண்டு கட்டை விரல்களும் சூட்கேஸின் உள்துணியை ஒதுக்கிப் பிடித்திருந்தன. சக்கரத்தைப் பிடித்திருந்த பழைய ரிவிட் ஆணியைத் துளைபோட்டு எடுத்தாயிற்று. அது இருந்த ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பிசிறு நின்றது. அந்தக் கைகள் சிறு அரத்தால் பிசிறை வழித்தன, தடவிப் பார்த்தன, திருப்தியில்லாமல் மறுபடியும் வழித்தன. கழற்றி வைத்த சக்கரம் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தது. உருள விடாமல் தரதரவென்று இழுத்துப் போனால்தான் சக்கரம் அப்படித் தேயும். பெட்டிக்குச் சொந்தக்காரர் அவசரக்காரர் என்று பெட்டி பழுதுபார்க்கும் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சொந்தக்காரர் அவருடைய மனைவிதான்.

ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடுகிற அகலத்தில் அவர் கடை. தெருவில் அவரை எல்லோரும் பெட்டிக்காரர் என்பார்கள். உலகம் சுற்றிவிட்டு வந்த பெட்டிகள் அவர் மடியில் வந்து படுக்கும். அவரோ பக்கத்து மாநிலத்தைக்கூடப் பார்த்ததில்லை. பல்லிளித்த ஜிப், பாதியில் மாட்டிக்கொண்ட கைப்பிடி, எண் மறந்துபோன பூட்டு எல்லாவற்றுக்கும் அவர் கை போதும்.

தொழிலில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டிக்குள் யாராவது எதையாவது மறந்து விட்டுப்போயிருந்தால் அதைப் பார்க்க மாட்டார். கையில் தட்டுப்பட்டதும் ஒரு பையில் போட்டு முடிந்து, கைப்பிடியிலேயே கட்டிவிடுவார். கடை போட்ட புதிதில் ஒருவருடைய பெட்டியில் ஒரு குழந்தையின் புகைப்படம் கிடந்தது. "உங்க பையனா?" என்று சும்மாதான் கேட்டார். அந்த மனிதர் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அன்றிலிருந்து கேட்பதையும் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

வீட்டிலும் அதே பழக்கம்தான். மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கக் காசில்லாமல் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, மருந்து விலைக்காக வாய் திறந்தவள். திறந்த வாய் மூடவில்லை. பேச்சு போராட்டமாகி, போராட்டம் தேர்தலில் கொண்டுபோய் விட்டு, இப்போது அவள் சட்டமன்ற உறுப்பினர். தேர்தலின்போது பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரொட்டி ஒட்டியவர் அவர். வெற்றிக்குப் பிறகு வீட்டுக் கூடம் வந்துபோகிறவர்களுக்கு என்றாகிவிட்டது. அவர் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்துவிடுவார். மகளும் கல்யாணமாகித் தொலைவில் இருக்கிறாள். மனைவி எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தார்.

போன மாதம் அவளே வந்து சொன்னாள். வெளிநாட்டில் ஒரு வாரம், மருந்துத் தொழிற்சாலைகளைப் பார்க்கும் பயணம். துணைக்கு ஒருவர் வரலாம். "வர்றீங்களா?" என்று கேட்டாள். அவருக்குக் கை கால் ஓடவில்லை. மறுநாளே போய்ப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டார். யாரோ வாங்க வராமல் விட்டுப்போன ஒரு பெட்டியைத் தனக்கென்று துடைத்து வைத்தார்.

சக்கரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடைச் சாவிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, அண்ணி பெட்டியா? இதுக்குக் கூலி உண்டா?"

"உண்டு. லேட்டானா திட்டு விழும்."

"நீங்களும் பறக்கப் போறீங்களாமே? டீக்கடை வரைக்கும் சேதி வந்துடுச்சு. யாரு செலவுண்ணே?"

"ஒரு சங்கம்."

"சங்கம்னா?"

"மருந்துக் கம்பெனிக்காரங்க சங்கம்."

சாவிக்காரர் சிரித்தார். "நல்லதாப் போச்சு. ஜன்னல் சீட்ல உக்காந்துக்கிட்டு, எங்கம்மாவோட சர்க்கரை மாத்திரை விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. மேல இருந்து சொன்னா கேப்பாங்க."

இவர் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேண்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

அவர் வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொன்னார். ஆனால் அன்று ரிவிட்டை இரண்டு முறை கோணலாக அடித்துப் பிடுங்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அதிசயமாகக் கூடம் காலியாக இருந்தது. படுக்கையறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் அவள் துணி, மறுபக்கம் அவருடையது. அவருக்காகப் புதிதாக ஒரு ஸ்வெட்டர் வாங்கியிருந்தாள்.

"போட்டுப் பாருங்க. அங்கே குளிர் எலும்பு வரைக்கும் போகுமாம். உங்களுக்கு ஜன்னல் பக்கம் கேட்டிருக்கேன்."

ஸ்வெட்டர் அளவாக இருந்தது. அவருடைய அளவு இன்னும் அவளுக்கு நினைவிருந்தது. அதைக் கழற்றாமலே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மருந்து விலைக்கு வரம்பு வைக்கற விஷயம் நீ இருக்கற சட்டமன்றக் குழுவுக்குத்தானே வருது?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. இப்படி அவர் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"அடுத்த கூட்டத்துல வரும்."

"கூட்டிட்டுப் போறது அவங்கதானே?"

"எல்லாக் கட்சிக்காரங்களும்தான் வர்றாங்க. முறையா எழுதிக் கொடுத்துட்டேன், ஒளிவு மறைவு ஒண்ணுமில்ல. தொழிற்சாலையைக் கண்ணால பாக்காம நான் எப்படிப் பேசறது?"

"ஒரு வாரமும் தொழிற்சாலையா?"

"முதல் ரெண்டு நாள். அப்புறம்..." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நாம சேர்ந்து எங்கேயாவது போயிருக்கோமா? வாங்க. நீங்க கூட இருந்தா எனக்கு இந்த உறுத்தல்கூட இருக்காது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. சட்டென்று ஒரு துண்டை எடுத்து உதறினாள்.

"உறுத்துதா?" என்று கேட்டார்.

அவள் ஏற்கெனவே மடித்திருந்த துண்டை மறுபடி மடித்தாள்.

அவருக்கு ஆசை இல்லாமலில்லை. கைபேசி அடிக்காத ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாடு. விமானத்தில் அவள் தூங்கிப்போய்த் தோளில் சாய்ந்தால் அசையாமல் இருப்பது. ஏதோ ஒரு பாலத்தில் யாரையாவது கேட்டு எடுத்துக்கொள்ளும் ஒரு படம். அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு, பார்க்கிற அவளுக்கும்கூட, அதில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும்தான் தெரிவார்கள். சங்கம் தெரியாது. அதற்குத்தான் தான் தேவைப்படுகிறோமோ என்று தோன்றியது.

"நான் வரலம்மா."

"ஏன்? கடையா?"

கடை என்று சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். "கடை இல்ல. நான் வந்தா அது நம்ம ரெண்டு பேரோட உல்லாசப் பயணமா ஆயிடும். நீ நிம்மதியாப் போயிட்டு வந்துடுவே."

"அப்போ போகாதேன்னு சொல்றீங்களா?"

"உன் வேலையில நான் என்னைக்குக் கை வச்சேன்? நான் சொல்றது என் டிக்கெட்டை மட்டும்தான்."

"சாவிக்கடைக்காரர் ஏதாவது சொன்னாரா? ஊர் வாய்க்குப் பயந்து என்னைத் தனியா விடறீங்க."

"நானும் தனியாத்தானே இருக்கப் போறேன்," என்றார். சண்டை போடுகிற குரல் அவருக்கு வரவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஸ்வெட்டரைக் கழற்றி, அவள் மடித்திருந்த மாதிரியே மடிக்கப் பார்த்தார். வரவில்லை. அவள் அதை வாங்கி மடித்து, எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் இரண்டாவது சக்கரத்தையும் மாற்றினார். அது நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் பெட்டி ஒரு பக்கம் சாயும். ஜிப்பை இழுத்து மூடும் ஓட்டியை எடுத்துவிட்டு வேறு போட்டார். மெழுகுவர்த்தித் துண்டால் பற்களை நெடுக்கத் தேய்த்து, மூடித் திறந்து, திறந்து மூடிப் பார்த்தார். மதியத்துக்குள் பெட்டியை எடுத்துப்போக ஆள் வரும் என்று எதிர்பார்த்தார். அவள் கார் தெருமுனையில் நின்றது. டிரைவர் இறங்கவில்லை. அவளே இறங்கி நடந்து வந்தாள். கடைக்கு அவள் வந்து வருஷக்கணக்காகிறது. சாவிக்காரர் மரியாதையாகக் குனிந்து வேலையில் மூழ்கினார்.

"சாயங்காலம் விமானம்," என்றாள்.

"தெரியும். வேலை முடிஞ்சுது."

"உங்க டிக்கெட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன்."

"உன்னோடது?"

"இருக்கு." அவள் கண்கள் சிவந்திருந்தன. "இப்பக்கூட ஒண்ணும் ஆகல. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போன் பண்ணி, உங்க டிக்கெட் இருக்கட்டும்னு சொல்லிடுவேன்."

அவர் தலையசைத்தார். வேண்டாம் என்பதுபோல. பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்து, துணியால் ஒருமுறை துடைத்தார். இழுகைப்பிடியை அவள் உயரத்துக்கு உயர்த்தி, அவள் பக்கம் திருப்பினார்.

"புது ஓட்டி. முதல்ல கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பிடிச்சு இழுக்காதே."

அவள் கைப்பிடியைப் பற்றினாள். சற்று நேரம் இரண்டு கைகளும் அதன் மேல் இருந்தன. முதலில் எடுத்தது அவர் கை.