பிரேமாக்கா டைரக்டர் ஆன கதை

பிரேமாக்கா ஜெயிலுக்குப் போவாளா மாட்டாளா என்பது இன்னும் பதினைந்து நாளில் தெரிந்துவிடும். அதற்குள் இதை எழுதி வைக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி எங்களுடையது. எங்களுடையது என்று வாய்தான் சொல்கிறது, உடையவர் துளசிராமன் ஐயா. நான் ரகு, உலை சூப்பர்வைசர். பிரேமாக்கா ஆபீஸில் டைப்பிஸ்ட். நெல் விதைக்கிற குடும்பத்தில் பி.காம். படித்த முதல் பெண். எங்கள் பக்கத்து ஆரணியிலிருந்து பஸ் ஏறி, கவரைப்பேட்டையில் மாறி, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் லேட்டாக வந்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் வியாபாரம் முந்நூறு கோடியைத் தாண்டியது. இவ்வளவு பெரிய கம்பெனியின் போர்டில் ஒரு பெண்ணாவது இருந்தே ஆகவேண்டும், சட்டம் அப்படி என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். மற்ற முதலாளிகள் மனைவி பெயரைப் போட்டு வேலையை முடிப்பார்கள். எங்கள் ஐயாவுக்கு மனைவியும் உண்டு, மருமகளும் உண்டு. ஆனாலும் பிரேமாக்காவைத்தான் கூப்பிட்டார்.

"ஊட்டுப் பொம்பளைங்கள கேஸு கோர்ட்டுன்னு இழுக்கக் கூடாதும்மா. நீயே டைரக்டரா இருந்துடு. இனிமே போர்டுல நீயும் ஒரு ஆளு."

முதலில் சொன்னது அக்காவின் காதில் ஏறவே இல்லை. கடைசியில் சொன்னது மட்டும் ஏறியது. பால்கோவா வாங்கி உலைப் பக்கம் வந்து எங்களுக்கெல்லாம் கொடுத்தாள். "இன்னா ரகு, இனிமே உங்க கஷ்டத்த நானே உள்ள போய்ச் சொல்லலாம்ல?" என்றாள்.

சம்பளம் ஏறவில்லை, நாற்காலியும் மாறவில்லை. மீட்டிங்கில் ஐந்து ஆண்கள் பேசுவார்கள். அக்கா நடுவில் எழுந்துபோய் டீ சொல்லிவிட்டு வந்து, பேசியதை மினிட்ஸாக டைப் அடித்துக் கையெழுத்து வாங்குவாள். அந்த வருஷமே இன்னொரு காகிதமும் வந்தது. ஆலைக்குப் பொறுப்பு இவர்தான் என்று ஒரு டைரக்டரின் பெயரை அரசாங்கத்துக்குக் கொடுக்கவேண்டும். ஆலையில் உயிர் போனால் அவர் பதில் சொல்லவேண்டும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அக்கா கையெழுத்துப் போட்டாள்.

போன வருஷம் ஐப்பசியில் நான்தான் அவளிடம் போய்ப் புலம்பினேன். ஸ்கிராப் குவியலுக்குக் கூரை இல்லை. மழையில் நனைந்த இரும்பைக் கொதிக்கிற உலையில் போட்டால் வெடிக்கும். அடுத்த மீட்டிங்கில் உற்பத்தி விவரம் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவரோரம் நின்றிருந்தேன். அக்கா எழுந்து நின்று கேட்டாள்.

"ஐயா, ஸ்கிராப்புக்கு ஒரு ஷெட்டு போட்டுடலாம். ஈர இரும்பையே போட்டுக்கினு கீறாங்க. யாருக்காவது எதனா ஆயிடும்."

ஒருவர் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. "அத்த அப்பால பாத்துக்கலாம். மினிட்ஸ்ல இத எழுதாத, பிரேமா."

அவள் எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷம் சொன்னதை மட்டுமே டைப் அடித்த கை. எனக்கு ஆத்திரம் அவர்கள் மேலா, அந்தக் கை மேலா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த மீட்டிங் நடந்த பத்தொன்பதாம் நாள், ஈர இரும்பு போட்ட உலை வெடித்து, என்னிடம் வேலை பார்த்த மதன் செத்துப்போனான். இருபத்தாறு வயது. அவனைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

வழக்கு பிரேமாக்கா மேல் வந்தது. இரண்டு வருஷம் வரை ஜெயில் கிடைக்கலாம். கூரை போடச் சொன்னதற்கு ஆதாரம் உண்டா என்று அவளுடைய வக்கீல் கேட்டார். மினிட்ஸில் ஒரு வரி இல்லை. அந்த அறையில் டைரக்டர் அல்லாதவன் நான் ஒருவன்தான். ஆரணிக்கே போய், சாட்சி சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

"உன்னத்தான் நம்பிக்கினு கீறேன் ரகு" என்றாள்.

சாட்சிக்கு முதல் நாள் ஐயா கூப்பிட்டார். அதட்டவில்லை. "உன் பொண்ணு காலேஜுல சேந்துட்டாளாமே?" என்று மட்டும் கேட்டார்.

திருவள்ளூர் கோர்ட்டில் கூண்டேறினேன். அன்றைக்கு மீட்டிங்கில் பிரேமா ஏதாவது கேட்டாரா என்றார் வக்கீல். ஐயா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

வெளியே வராந்தாவில் அக்கா நின்றிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"சொல்லியிருந்தா உன் வேல போயிருக்கும், தெரியும்" என்றாள். "ஆனா அன்னிக்கு நான் சொன்னதக் காதுல வாங்குனவன் நீ ஒருத்தன்தான் ரகு. இப்ப நான் சொல்லவே இல்லன்னு ஆயிடுச்சு."