திரையில் வராத குறிப்பு

இன்பமலருக்கு முப்பத்தெட்டு வயது. திருகோணமலை நகரில் பஹ்மி நடத்தும் சின்னக் கணினி நிறுவனத்தில் அவளுக்கு ஒரு விசித்திரமான வேலை. ஒரு இணையத்தளம் தன் சேர்வர் கணினியிடம் என்னென்ன விவரங்களைக் கேட்டு வாங்குகிறது, அதில் எதைத் திரையில் காட்டுகிறது என்று பார்ப்பாள். காட்டுவது ஐந்தாக இருக்கும், வாங்குவதோ முப்பது! மிச்சமெல்லாம் பார்க்கிறவனுடைய கணினிக்குள் சும்மா வந்து கிடக்கும், தோண்டத் தெரிந்தவன் எடுத்துக்கொள்வான். இவள் ஒவ்வொரு விவரமாக வெட்டிப் பார்ப்பாள். வெட்டியும் பக்கத்தில் ஒன்றும் மாறாவிட்டால் அது வேண்டாதது.

வீடு கப்பல்துறையில். அங்கே இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுக்கையில் அம்மா. பகலில் ஒரு பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்ப்பாள், மற்றதெல்லாம் இன்பமலர்தான். அண்ணன் பேணாட் மனைவி பிள்ளைகளோடு புல்மோட்டையில் இருந்தான். தங்கச்சியை ஒரு கலியாணத் தளத்தில் பதிந்துவிட்டதும் அவன்தான். ஆறு வருசத்தில் ஏழு சம்பந்தம் வந்தது. ஏழுக்கும் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி அண்ணன் சொன்னது ஒரே பதில்: "அவைக்கு விருப்பமில்லையாம்."

இவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று குறை தேடினாள். முன்பல் கொஞ்சம் தூக்கல். மடச்சி, நல்ல பல்லைப் பிடுங்கிக் கட்டுப்பல் வைத்தாள்! அதற்குப் பிறகுதான் குச்சவெளி வாத்தியார் றொமேஷ் வந்தார். மாதா கோயிலடியில் நின்று ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள், சிரித்தார்கள். பிறகு பார்த்தால் அவருக்கும் விருப்பமில்லையாம். அன்றைக்குக் குசினிக்குள் அடுப்படியில் இருந்து வாய்விட்டு அழுதாள்.

இந்த வருசம் அதே கலியாணத் தளம் சோதனைக்கென்று பஹ்மியிடம் வந்தது. பிறத்தியார் விசயத்தை நோண்டுவது பாவம் என்று இன்பமலர் தன்னுடைய பக்கத்தையே திறந்தாள். திரையில் பெயர், வயது, சமயம், தொழில், படம். பின்னால் வந்து கிடந்ததில் 'உட்குறிப்பு' என்று ஒன்று. அதில் இப்படி இருந்தது: "வீட்டார் கேட்டபடி, வருகிறவர்களிடம் பெண்ணுக்கு விருப்பமில்லை என்று சொல்லவும். தாயைப் பார்க்க வேறு ஆளில்லை."

பல்லும் மண்ணாங்கட்டியும்!

றொமேஷின் பழைய பக்கத்தைத் திறந்தாள். திரைக்கு வராத அவருடைய போன் நம்பரும் அங்கே கிடந்தது. செய்யக்கூடாத வேலைதான். செய்தாள்.

"நான் இன்பமலர். கப்பல்துறை."

றொமேஷ் உடனேயே கேட்டார்: "நீங்கள்தானே மாட்டன் எண்டு சொன்னனீங்கள்? நான் ரெண்டு தரம் கேட்டனுப்பினனான்." பின்னால் ஒரு குழந்தை வீரிட்டது. "பொறுங்கோ, மகள் எழும்பிட்டா," என்றார். இவள் பொறுக்கவில்லை, வைத்துவிட்டாள்.

"என்னக்கா, ஏதும் பிழை ஆப்பிட்டதா?" என்று கேட்டுக்கொண்டு பஹ்மி வந்தான்.

"ஓம். உட்குறிப்பு எண்டு ஒண்டு வருது. பக்கத்துக்குத் தேவையில்லை."

"வெட்டச் சொல்லுவம். ஆரும் காண முதல் நீங்க கண்டது நல்லம்."

அறிக்கையில் அதையே எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் இருந்தே அண்ணனுக்குப் போன் எடுத்தாள். அவன் மழுப்பவுமில்லை, வெட்கப்படவுமில்லை. "ஓம், நான்தான் எழுதிக் குடுத்தனான். சொன்னது அம்மா. வீட்ட போய்க் கேள்."

அண்ணன் பொய் சொல்கிறான் என்றே வழி நெடுக நம்பினாள். நம்பத்தானே வேண்டும், பெற்ற தாயல்லவா!

செருப்பையும் கழற்றாமல் கட்டிலடியில் போய் நின்றாள். "அம்மா, எனக்கு வந்த சம்பந்தமெல்லாத்தையும் தட்டிவிடச் சொன்னது நீங்களே?"

அம்மா சுவரைப் பார்த்தாள். "உனக்கு இஞ்ச என்ன குறை? நீ போயிருந்தா நான் செத்திருப்பன்."

"செத்திருக்கலாமே அம்மா," என்றாள் இன்பமலர்.

கிழவியின் வாய் கோணியது. கொஞ்ச நேரம் விக்கி விக்கி அழுதாள். பிறகு, "முதுகு எரியுது. பிரட்டி விடு பிள்ளை," என்றாள்.

இன்பமலர் கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு வந்து, பிரட்டி விட்டாள்.