மினுக்கம் போகும் மட்டும்

தம்பலகாமத்து வயற்கரை வீடொன்றில் பிறந்து, லிங்கநகருக்கு வாழ வந்து, எனக்குத் தாயுமாய் இருந்த அக்கா எம்மைப் பிரிந்து இன்று முப்பத்தொரு நாள். அவரைப் பற்றி எழுத அமர்ந்தால் மிளகாய்ச் செடிதான் முன்னுக்கு வந்து நிற்கிறது. நிற்கட்டும்.

அந்தச் செடியின் விதை அக்கா பிறந்த வீட்டிலிருந்து வந்தது. போரில் அந்த வீடு அழிந்து, காணியில் காடு ஏறிற்று. அத்தானும் இளவயதிலேயே போய்விட்டார். செடி மட்டும் இங்கே கிணற்றடியில் வழிவழியாய்க் காய்த்தது. பாதை பூட்டிக் கடைகள் வெறித்த நாட்களில் எங்கள் குசினிக்கு உறைப்பு அதுதான்.

ஷெல் விழத் தொடங்கிய காலை, வாசலில் வான் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பிள்ளைகளை ஏற்றியபடியே அக்கா சத்தமிட்டார்: "தம்பி, விதைக்கு நல்லதாப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டு ஓடி வா!"

கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராய் இருந்த எனக்கு, நல்லது என்றால் மினுங்குவது. பச்சைக் காய்களை மளமளவென்று உருவிப் பையை நிரப்பினேன். சுருங்கித் தொங்கிய இரண்டு சிவப்புப் பழங்களைப் பழுதென்று விட்டுவிட்டேன்.

இடம்பெயர்ந்து தங்கிய பள்ளிக்கூட வகுப்பறையில் அக்கா பையைக் கொட்டிப் பார்த்தார்.

"சுருங்கினது எங்க?"

"அது பழுதெல்லோ, அக்கா."

"அதுதானடா விதை! எவ்வளவு நாளாக் காத்து விட்டனான். கச்சேரியிலயும் ஆளின்ர மினுக்கத்தைப் பார்த்தோ கடிதம் குடுக்கிறனீ?"

சிரித்தார். பிறகு குவியலை ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்தார்.

பிஞ்சு பைக்குள் வாடும், பழுக்காது. செடியிலேயே நிறம் மாறத் தொடங்கிய காய்தான் பறித்த பின்னும் சிவக்கும். குவியலில் அப்படி ஒன்றே ஒன்று, காம்படியில் கருஞ்சிவப்புக் கீற்றோடு கிடந்தது. அதை யன்னல் விளிம்பில் வைத்தார். மற்றதெல்லாம் வகுப்பறைக்கே சம்பலாயிற்று.

அது முக்கால்வாசி சிவந்தபோது, பக்கத்துப் பாயில் இருந்த குச்சவெளிப் பெண் வந்தார்.

"அக்கா, காய்ச்சல் விட்டும் பிள்ளை இந்தப் பருப்பும் சோறும் தொடமாட்டன் எண்டு நிக்கிறான். அந்தக் கொச்சிக்காயைத் தாறீங்களோ? ஒரு சம்பல் இடிச்சுக் குடுப்பன்."

அக்கா பழத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"இரண்டு நாள் பொறுக்க ஏலாதோ?"

"ஏலாது, அக்கா."

பிளேடால் கீறினார். விதையைக் கடதாசியில் உதறிவிட்டு மீதியை நீட்டினார். "தோல் உன்ர பிள்ளைக்கு, விதை எனக்கு. உறைப்புக் காணாட்டி என்னை ஏசாத."

"முளைக்காட்டி நீங்களும் என்னை ஏசாதேங்கோ!"

வீடு திரும்பியபோது பழைய செடி பட்டுக் கிடந்தது; ஊன்றிய விதையில் ஒன்றுதான் முளைத்தது. இன்று கிணற்றடியில் நிற்பவை அதன் வழி வந்தவை.

கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தபடி கேட்பார்: "சுருங்கிட்டுதோ, தம்பி?"

"இல்லை, அக்கா. இன்னும் மினுங்குது."

"அப்ப விடு."

என்னோடு அவர் கடைசியாய்க் கதைத்த கதை அதுதான்.

நோயில் பார்த்த மருத்துவர்களுக்கும், கூடவே இருந்த அயலவர்க்கும், முதல் ஆளாய் வந்து அடுப்படியைப் பொறுப்பெடுத்த அந்தக் குச்சவெளித் தங்கச்சிக்கும், அக்காவுக்குத் தோள் கொடுத்துச் சுமந்த அந்தத் தங்கச்சியின் மகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று சோறு தொடமாட்டேன் என்று நின்ற பிள்ளை அவன்தான்.

இந்த நினைவு மலரோடு ஒரு சிறு பொட்டலம் வைத்திருக்கிறோம். அக்கா போய்ப் பன்னிரண்டாம் நாள்தான் பழங்களின் மினுக்கம் போனது. அன்றைக்குத்தான் செடியில் கை வைத்தேன்.

இந்த முறை பார்த்துத்தான் பிடுங்கினனான், அக்கா.