ஆறு கட்டைவிரல்கள்

என் கைபேசியில் ஒரு செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். எங்கள் அலுவலகக் குழுவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்த செய்தி. அதன் கீழே ஆறு கட்டைவிரல்கள் வரிசையாக நிமிர்ந்து நிற்கின்றன. முதலாவது என்னுடையது. செய்தி வந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் போட்டிருக்கிறேன். அவ்வளவு சுறுசுறுப்பு. அதை அனுப்பியவருக்கு அந்த வாரம் உயிர் போய் வந்தது என்பது எனக்குத் தெரிய ஆறு நாட்கள் எடுத்தன.

அவரை நாங்கள் எல்லோரும் ராத்தா என்றுதான் அழைப்போம். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைக்கும் சொல் அது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் கடந்து பஸ்ஸில் வருவார். துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தின் மேல்மாடியில் நாங்கள் ஏழு பேர் வேலை செய்தோம். வருகிற சரக்குக் கப்பல்களின் பத்திரங்களைக் கணினியில் பதிவதுதான் வேலை. கோதுமையோ சீமெந்தோ, எங்களுக்கு எல்லாம் எழுத்தும் இலக்கமும்தான். காலை எட்டரைக்குக் கதிரையில் குந்தினால் பின்னேரம்வரை குந்தினபடிதான். கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் அதே கதிரையில் சாய்ந்துகொண்டு முகநூலைத் திறப்போம். கணினி பார்த்துக் களைத்த கண்ணுக்குக் கைபேசியில் ஓய்வு கொடுத்த புத்திசாலிகள் நாங்கள்.

ராத்தாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் ஒரு தடவை, மத்தியானத்துக்குப் பிறகு ஒரு தடவை, திடீரென்று எழுந்து நின்று, "கப்பல்!" என்று சத்தம் போடுவார். உடனே எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பின்பக்க ஜன்னலுக்குப் போக வேண்டும். அங்கிருந்து உட்துறைமுகம் முழுவதும் தெரியும். ஆகத் தூரத்தில் நிற்கிற கப்பலின் பெயரை வாசிக்க வேண்டும், அதுதான் விதி. எவராலும் வாசிக்க முடியாது. ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் வேறொன்று சொல்ல, பெரிய வழக்கே நடக்கும். மனேஜர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அவரும் வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தான் சொல்வதுதான் சரி என்று வாதாடத் தொடங்கினார். சில நாட்களில் கடலில் ஒரு கப்பலும் இராது. "பொய் சொல்லி எழுப்பிப்போட்டீங்கள் ராத்தா" என்றால், "பொய்யெண்டாலும் எழும்பினீங்கதானே? கண்ணும் காலும் நமக்கு இரவலாத் தந்ததுதானே? பாத்துப் பாவிக்கணும் புள்ள" என்பார். சிரித்துக்கொண்டே குனிந்து தன் கெண்டைக்காலை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்க் குந்துவார்.

அவரைப் பெரிய ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். ஊருக்குத்தான் உபதேசம். உம்மா மௌத்தான பிறகு, தாயில்லாத அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். கலியாணம் சரிவரவில்லை, ஏன் என்று நாங்கள் கேட்டதுமில்லை. வீட்டுக்குப் போனால் கைபேசியைக் கையில் எடுத்து, எந்த ஊரிலோ யாரோ ஒரு பெண் புரியாணி சமைப்பதைப் படுக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் கண் சிவந்து வருவார். நாங்கள் பிடித்துக்கொண்டால் கோபப்படவும் மாட்டார். "என்ன செய்யச் சொல்றீங்க? ஊடு சத்தமில்லாமக் கிடக்கு. அந்தப் பொம்புளயாவது வாய் ஓயாமக் கதைக்கிறா" என்பார். அப்போது அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்தோம்.

பிறகு அந்த மேல்மாடியை நிர்வாகம் கைவிட்டது. இனி எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார்கள். நான் துள்ளிக் குதித்தேன். பாலையூற்றில் எங்கள் வீட்டின் முன்னறையில் மேசையைப் போட்டுக் கணினியை வைத்தேன். கணவர் கட்டாரில், மகள் கண்டியில் படிக்கிறாள். பஸ் இல்லை, சேலை இஸ்திரி போடும் தொல்லை இல்லை. முதல் மாதம் சொர்க்கமாக இருந்தது. அதன் பிறகு கழுத்து வலிக்கத் தொடங்கியது. கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல் அரித்தது. தேத்தண்ணியைக்கூடப் பெரிய போத்தலில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், குசினிக்கு நடப்பது மிச்சம் என்று. சில நாட்களில் நான் வாய் திறந்து பேசிய ஒரே ஆள் மீன்காரர்தான். "என்ன அக்கா, தொண்டை அடைச்சுப் போச்சோ?" என்று அவர் கேட்டபோதுதான், அன்று அதுவரை ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

ராத்தா மட்டும் பழக்கத்தை விடவில்லை. பத்தரைக்கும் மூன்று மணிக்கும் குழுவில் ஒரு சொல் வந்து விழும்: "கப்பல்". தொடக்கத்தில் நாங்களும் ஒழுங்காக எழுந்தோம். கிணற்றடிக்குப் போய், தூரத்தில் தெரிகிற தென்னையின் உச்சியைப் படம் எடுத்துப் போட்டேன். சல்லிக் கடற்கரையில் வீடுள்ள எங்கள் அலுவலகப் பெடியன் கடலையும் வள்ளங்களையும் போட்டான். மனேஜர் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைப் போட்டு, "எனக்கு வாய்ச்ச கப்பல் இதுதான்" என்று எழுதினார். ராத்தா ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவார். கொஞ்ச நாளில் படங்கள் குறைந்தன. யாரோ ஒருவர் கட்டைவிரலைப் போட்டார். எழுந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். அது வசதியாக இருந்தது. அடுத்த கிழமை எல்லோரும் கட்டைவிரல்தான். அதற்கடுத்த கிழமை, எழும்பாமலே கட்டைவிரல். ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் சத்தம் போடுவானா? ஒரு வருடத்துக்குக் கிட்ட நான் இப்படிக் கதிரையில் இருந்தபடியே கப்பல் பார்த்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் திரையின் மூலையில் ராத்தாவின் பெயரும் "கப்பல்" என்ற முதற்சொல்லும் தெரிந்தன. கை தன்பாட்டில் போய்க் கட்டைவிரலைப் போட்டது. மூன்று மணிக்குச் செய்தி வந்ததா, நினைவில்லை. புதன், வியாழன், வெள்ளி வரவேயில்லை. வரவில்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை மனேஜர் குரற்செய்தி அனுப்பினார். ராத்தா பெரியாஸ்பத்திரியில் இருக்கிறா, காலில் இரத்தம் கட்டிபட்டு, அந்தக் கட்டி நெஞ்சுக்குப் போய்விட்டது, வியாழக்கிழமை மூச்செடுக்க ஏலாமல் கிடந்தவவைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவ, நாள் முழுக்க ஒரே இருப்பில் இருந்ததும் ஒரு காரணம் என்று டொக்டர் சொல்கிறார், இப்போது பரவாயில்லை. கேட்டு முடித்ததும் விரலால் மேலே தள்ளித் தள்ளி அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் போனேன். முதல் தடவையாக முழுவதையும் வாசித்தேன்.

"கப்பல். எனக்கு இண்டைக்கு எழும்ப ஏலாம இருக்கு புள்ளயள். இடது கெண்டைக்கால் வீங்கி மூணு நாள். சூடாவும் கிடக்கு. ஊட்டுல ஆருமில்ல. என்ன செய்யலாம் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க."

அதற்குக் கீழே எங்கள் ஆறு பேரின் பதில்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உடனே ஓடிப்போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. குழுவில் கும்பிடு கைகளும் பூங்கொத்துகளும் குவிந்தன, நானும் ஒரு பூங்கொத்தைப் போட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கைபேசியில் அவருடைய இலக்கத்தை எடுப்பேன், பார்ப்பேன், வைத்துவிடுவேன். அந்த நாட்களில் என் வீடும் சத்தமில்லாமல்தான் கிடந்தது. அந்தச் சமையல்காரப் பெண்ணின் காணொளிகளைத் தேடிப் பிடித்து, அவள்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்க விட்டுவிட்டு, கேட்காமல் இருந்து அழுதிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் கிண்ணியா பஸ் ஏறினேன். ராத்தா தங்கச்சி வீட்டில் இருந்தார். முழங்கால்வரை இறுக்கமான காலுறை போட்டு, வீட்டு வளவைச் சுற்றி மெதுவாக நடந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்றார். முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

"வாங்க புள்ள. நடந்துகிட்டே கதைப்பம், நிண்டா தங்கச்சி ஏசுவா" என்றார்.

நானும் கூட நடந்தேன். மூன்று சுற்றுவரை விலைவாசியும் வெயிலும் கதைத்தோம். நாலாவது சுற்றில் நான் அழத் தொடங்கிவிட்டேன்.

"ராத்தா, நீங்கள் அண்டைக்குப் போட்டதை நான் வாசிக்கேல்ல. வாசிக்காமலே விரலைப் போட்டனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் நின்றுவிட்டார். நான் எதிர்பார்த்தது ஏச்சு. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு நாளும் அந்த விடயம் அவருக்குத் தெரியாது என்பது எனக்கு விளங்கியது. நான்தான் இப்போது சொல்லிவிட்டேன்.

"வாசிக்கல்லியா?" என்றார். குனிந்து காலுறையின் விளிம்பை இழுத்துச் சரிசெய்தார்.

"நான் நினைச்சன், ஆறு பேரும் சரி எண்டு போட்டிருக்கிறீங்க, ஆரோ வாறீங்க எண்டு. அதுதான் தங்கச்சிக்கும் சொல்லல்ல, அவளையும் ஏன் பதற வைப்பான் எண்டு. நீங்க வந்து தட்டினா எழும்பிவர ஏலாதே, அதால ரெண்டு நாளா முன்கதவுக்குக் கொண்டி போடாம உட்டிருந்தன் புள்ள. பக்கத்து ஊட்டுப் பொம்புளைக்கு உள்ளுக்கு வர ஏலுமானதும் அதாலதான்."