கழற்றி வைத்த கல்

போன வாரம் என் மகள் வீட்டுக்குத் துணி துவைக்கிற மெஷின் வந்தது. முன்பக்கம் வட்டமாகக் கண்ணாடிக் கதவு வைத்தது. மாட்டிக் கொடுக்க வந்த மெக்கானிக் பின்பக்கத்திலிருந்து நான்கு போல்ட்டுகளைக் கழற்றி என் கையில் வைத்தான். "இத பத்திரமா வச்சுக்கங்க சார். வீடு மாத்தும்போது திரும்ப மாட்டணும்" என்றான்.

"உள்ள கல்லு இருக்குதா?" என்று கேட்டேன்.

சிரித்தான். "இல்லாம எப்படி சார்? அது இல்லன்னா மெஷின் தெருவுக்கு ஓடிடும்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த ஒரு வரியை நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஆம்பூரில் எவனாவது நேரத்தோடு என்னிடம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற ஆத்திரம்தான்.

புது மெஷினுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். ரப்பர் வாசனை. ஆம்பூரில் நான் கை வைத்த பழைய மெஷின் வேறு மாதிரி நாறும். ஈரச் சாக்கும் வெளிநாட்டு சோப்பும் சேர்ந்து அழுகிய மாதிரி ஒரு வாடை. நாற்றத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு டேனரியில் ஃபிட்டர். தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். காட்பாடியில் ரயில் ஏறி உட்கார்ந்தால், பக்கத்து ஆள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னலைத் திறப்பான். வாணியம்பாடிப் பக்கம் போகிற ரயில் என்றால் ஜன்னல் வழியாகவும் அதே நாற்றம்தான் உள்ளே வரும். அதில் எனக்கு ஒரு திருப்தி.

என் அக்கா எஸ்தர் என்னைவிட ஆறு வயது பெரியவள். புருஷன் பெங்களூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவனைப் பற்றி இவ்வளவு போதும். அக்கா ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் துணி துவைத்தாள். பத்துக் கட்டில். பிரசவத் துணி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சலவை சோடா, பிளீச்சிங் பவுடர், பிறகு கல். காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, தோல் பொரிப்பொரியாக உரிந்து தொங்கும். குழம்பு பட்டால் எரியும் என்று தயிர்ச்சோறு மட்டும் தின்பாள், அதையும் ஸ்பூனில். "பாருடா, வெள்ளைக்காரி கணக்கா சாப்பிடறேன்" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

அந்த ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டரம்மாவின் அண்ணன் ஜெர்மனியில் இருந்தவர். ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு ஒரு பழைய சலவை மெஷினையும் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தார். அவர் வீட்டில் அது ஓடவே இல்லை. தங்கை தலையில் கட்டிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு வருஷம் கிடந்தது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ டேனரில தோல் புரட்டற டிரம்தானே பாக்கற? இதுவும் டிரம்தான். ஓட வச்சுக் குடு. ஓடுச்சுன்னா எஸ்தர் சுவிட்சைத் திருப்பினாப் போதும், அவ கைய தண்ணில வைக்கவே வேணாம். அவ கை இப்படியே இருந்தா ஆறாது. ஓடலன்னா எடைக்குப் போட்டுடறேன். இடத்த அடைக்குது."

மூன்று ஞாயிற்றுக்கிழமை அதோடு மல்லுக்கட்டினேன். முதல் ஞாயிறு, தண்ணீர் வடியவில்லை. கீழே ஒரு வட்ட மூடி இருந்தது. திருகினேன். எத்தனை வருஷத்துத் தண்ணீரோ, கறுப்பாக என் கால்மேல் கொட்டியது. அதன் பின்னாலேயே ஒரு ஜெர்மன் காசு, இரண்டு கொண்டை ஊசி, ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை. அக்கா அந்தக் காலுறையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். "அந்தக் கொயந்தைக்கே இப்ப கல்யாணம் ஆயிருக்கும்" என்றாள்.

அடுத்த ஞாயிறு பெல்ட்டும் கதவு ரப்பரும். ரப்பரில் ஒரு கிழிசல். சைக்கிள் டியூப்பை வெட்டி, சொல்யூஷன் தடவி ஒட்டினேன். சுவிட்சைச் சுற்றி ஜெர்மன் எழுத்து. அது யாருக்குத் தெரியும்? அக்கா வார்டுக்குப் போய்ப் புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தைப் பஞ்சில் தொட்டு வந்தாள். நான் சொல்லச் சொல்ல மூன்று பொட்டு வைத்தாள். கட்டில் துணிக்கு ஒன்று, குழந்தைத் துணிக்கு ஒன்று, நிறுத்த ஒன்று. வீட்டுக்கு வரும்போது விரலெல்லாம் ஊதா. வழியெல்லாம் அந்தப் பொட்டுகளைப் பற்றியே பேசினாள்.

மூன்றாவது ஞாயிறுதான் நான் கெடுத்தேன்.

மெஷினின் மேல் தகட்டைத் திறந்தேன். பின்பக்கம் சிவப்புப் பெயிண்ட் அடித்த இரண்டு இரும்புப் பட்டை, தொட்டியை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது. கப்பலில் வரும்போது ஆடாமல் இருப்பதற்காக மாட்டியது. வெளிநாட்டிலிருந்து டேனரிக்கு வருகிற எல்லா மெஷினிலும் இந்த மாதிரி மரக்கட்டை, இரும்புப் பட்டை என்று ஏதாவது இருக்கும். பேக்கிங் என்போம். பேக்கிங்கை எடுக்காமல் ஒருவன் ஒரு பெரிய மெஷினை ஓட்டி ஷாஃப்ட்டை உடைத்து, அன்றைக்கே வேலையை விட்டுத் துரத்தப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து புது மெஷின் என்றால் எங்கள் கை முதலில் தேடுவது பேக்கிங்கைத்தான். பட்டைகளைக் கழற்றினேன். அதுவரை சரி. தொட்டியின் தலையில் சிமெண்ட்டில் வார்த்த ஒரு கல், மூன்று போல்ட் போட்டு மாட்டியிருந்தது. இருபது கிலோ இருக்கும். மெஷினில் எவனாவது கல்லைக் கட்டுவானா? இதுவும் பேக்கிங்தான் என்று கழற்றித் தரையில் போட்டேன். "கப்பல்ல ஆடாம இருக்கக் கல்லு கட்டியிருக்கான் பாரு, கிறுக்கன்" என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன்.

காலியாக ஓட்டினேன். மெதுவாக, அழகாகச் சுற்றியது. பிழிகிற கட்டம் வரை விட்டுப் பார்க்கவில்லை. எங்கள் டேனரி டிரம் மரத்தில் செய்தது, ஓர் அறை பெரிசு. தோலையும் தண்ணீரையும் போட்டால் சாவகாசமாகப் புரட்டும். பிழிகிற வேலை அதற்குக் கிடையாது. சுற்றினால் டிரம் நல்ல டிரம். எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை டாக்டரம்மா, நர்ஸ், நோயாளிகளோடு வந்தவர்கள் என்று கொட்டகை நிறைய ஆள். அக்கா இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்தாள். கட்டில் துணிகளை உள்ளே திணித்து, ஊதாப் பொட்டுக்கு நேராகச் சுவிட்சைத் திருப்பினாள். நுரை கண்ணாடியில் அடித்தது. நர்ஸ் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உக்காரு எஸ்தர், நீதான் இனிமே ஆபரேட்டர்" என்றாள். அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்தாள். வேலை நேரத்தில் அக்கா உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அரை மணி நேரம் இருக்கும்.

பிறகு பிழிய ஆரம்பித்தது. முதலில் ஒரு நடுக்கம். அப்புறம் குதித்தது. நிஜமாகவே குதித்தது. தண்ணீர்க் குழாயைப் பிய்த்துக்கொண்டு சுவரிலிருந்து வாசல் பக்கமாக வந்தது. உள்ளே தொட்டி தகரத்தை இடித்த சத்தத்தில் வார்டில் எல்லாக் குழந்தையும் அழுதது. நான் ஒயரைப் பிடுங்குவதற்குள் கொட்டகை முழுக்கத் தண்ணீர். ஒரு ஸ்பிரிங் கொக்கியை விட்டுக் கழன்றிருந்தது, ஒரு பக்கத் தகரம் நசுங்கியிருந்தது. வேறொன்றும் இல்லை. ஒரு மணி நேர வேலை.

"வேணாம்பா. இது பிரசவ ஆஸ்பத்திரி" என்றார் டாக்டரம்மா.

"ஓசில வந்தது மேடம். ஆயுசு முடிஞ்சுபோச்சு. பேரிங் ஜாஸ்தி தேஞ்சிருக்குது" என்றேன். பேரிங்கை நான் பார்க்கவே இல்லை.

"இன்னொரு வாட்டி பாக்கலாமேடா தம்பி" என்றாள் அக்கா.

"உனக்கு இன்னா தெரியும்? போய் வேலையப் பாரு" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவள் போய் வேலையைப் பார்த்தாள்.

சனிக்கிழமை பழைய இரும்பு வாங்குகிற ஜாபர் பாய் மாட்டு வண்டியோடு வந்தார். மெட்ராஸ் துறைமுகப் பக்கம் ரொம்ப நாள் இந்தத் தொழில் பார்த்தவர். மேல் தகட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, கல்லக் காணோம்?"

"எந்தக் கல்லு பாய்?"

"இந்த மாதிரி மெஷின்ல தலைமேல கல்லு இருக்குமே. ஒடச்சிப் போட்டுட்டுத்தான் எடை போடுவோம், பேஜார் புடிச்ச கல்லு. அது இல்லாம ஓட்டுனா குதிக்குமே, ஓட்டுனீங்களா இன்னா?"

நான்கு முழத்துக்கு அந்தப் பக்கம் அக்கா குழாயடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய கல் நடுவில் தேய்ந்து பள்ளமாகிவிட்டதால், நான் கழற்றிப் போட்ட கல்லைத்தான் உருட்டிக்கொண்டு போய்ப் போட்டிருந்தாள். மூன்று ஓட்டையும் மேலே தெரிந்தது. அவள் கை நின்றது. கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வராந்தாவில் டாக்டரம்மா நின்றிருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தப்பு என்னுடையது, கல் இங்கேதான் இருக்கிறது, திரும்ப மாட்டிவிடுகிறேன். பயத்தில் வாய் மூடியிருந்தால்கூட என்னை மன்னித்துவிடுவேன். பயமில்லை. டேனரி ஃபிட்டர், மெஷின் தெரிந்தவன் என்ற பேர். அந்தப் பேருக்காக, "நம்ம மெஷின்ல அதெல்லாம் இல்ல பாய்" என்றேன்.

அக்கா அந்தக் கல்லைப் புரட்டி, ஓட்டைகள் கீழே போகிற மாதிரி போட்டாள். மறுபடி துவைக்க ஆரம்பித்தாள். வண்டி போய்விட்டது. அதைப் பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அந்தக் கல்லில்தான் துவைத்தாள். ஆஸ்பத்திரி இப்போது இல்லை, அந்த இடத்தில் செருப்புக் கடை. பின்னால் இருந்த கிணற்றுத் தண்ணீர் முதலில் உப்பானது, அப்புறம் மஞ்சளானது, அப்புறம் மூடிவிட்டார்கள். அதற்கும் நாங்கள்தான் காரணம், டேனரிக்காரர்கள். ஜாபர் பாய் இல்லை. பாலாற்றில் மணல்கூட இல்லை. கல் எங்கே போனது என்று தெரியாது. கட்டடம் இடித்தபோது போய்த் தேடினேன். எதற்குத் தேடினேன் என்று கேட்காதீர்கள்.

போன மாதம் அக்காவை ரேஷன் கடைக்கு அழைத்துப் போனேன். இப்போது விரல் வைத்தால்தான் அரிசி. கடைக்காரர் ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னார். துடைத்து வைக்கச் சொன்னார். பத்து விரலும் முடிந்தது. மெஷின் ஒன்றையும் ஏற்கவில்லை.

"இன்னா ஆயா, ஒரு விரல்லகூட ரேகையே இல்ல?" என்றார்.

அக்கா கையைத் திருப்பி அவளே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அது எப்பவோ கல்லோட போய்டுச்சுப்பா" என்று சிரித்தாள். பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் பக்கம் அவள் திரும்பவில்லை.